ஆளுக்கொரு பக்கம்



இந்த நூலகத்தின் வாசலில் ஓர் ஐயா கேட்டார்: "இது கம்ப்யூட்டர் வகுப்பா? சான்றிதழ் உண்டா?" இல்லை ஐயா. பரிசு கிடையாது, முதலிடம் இரண்டாமிடம் கிடையாது. வந்திருக்கும் ஒவ்வொருவரும் மாலைக்குள் தம் பெயரில் ஓர் இணையப் பக்கம் செய்துகொண்டு வீட்டுக்குப் போக வேண்டும். கூடியது அதற்குத்தான்.

"ஃபேஸ்புக்கில் கணக்கு இருக்கிறதே, இது வேறு எதற்கு?" என்பீர்கள். ஆர்க்குட் என்ற சமூக வலைத்தளத்திலும் நமக்குக் கணக்கு இருந்தது. கல்லூரிப் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் கலாய்த்து எழுதிய ஸ்க்ராப்புகள் எல்லாம் அங்கேதான் இருந்தன. 2014 செப்டம்பர் 30 அன்று கூகுள் அதை மூடியது. கூகுள் பிளஸ் 2019-இல் போனது. இரண்டுக்கும் முன்பே, 2009-இல், யாஹூ தன்னிடமிருந்த ஜியோசிட்டிஸை மூடியபோது கோடிக்கணக்கான சொந்தப் பக்கங்கள் நடுத்தெருவுக்கு வந்தன. தன்னார்வலர்கள் சிலர் இரவு பகலாகப் பிரதி எடுத்ததால் ஒரு பகுதி பிழைத்தது. வாடகை வீட்டில் ஆணி அடிக்கத்தான் வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும் என்று நினைத்திருந்தோம். இந்த நிறுவனங்கள் வீட்டையே இடித்துவிட்டன!

சொந்தப் பக்கத்துக்கும் இடம் கொடுக்க ஒரு நிறுவனம் வேண்டுமே என்றால், வேண்டும்தான். அதுவும் கடையைக் கட்டலாம். டொமைன் பெயர் வாங்கினால் ஆண்டுச் சந்தா கட்ட வேண்டும். மறந்தால் பெயர் கைவிட்டுப் போகும். ஆனால் பக்கம் என்பது உங்கள் பென் டிரைவில் கிடக்கும் ஒரு கோப்பு. ஓரிடம் மூடினால் அதே கோப்பை இன்னோரிடத்தில் ஏற்றலாம், ஓரெழுத்தும் மாறாது. இதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். வைய விரிவு வலையை யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று ஜெனீவாவில் இருக்கும் செர்ன் ஆய்வகம் 1993 ஏப்ரல் 30 அன்றே அறிவித்துவிட்டது.

இணையத்தில் எழுதும் இந்த வசதி தமிழுக்கு லேசில் கிடைத்தது இல்லை. 1995-இல் சிங்கப்பூர்க் கவிதைகளுக்கான இணையதளத்தில் தமிழை ஏற்றிக் காட்டினார் நா. கோவிந்தசாமி. அவர் சிறுகதை எழுதியவர், ஆசிரியர். 1998-இல், தமிழ் இலக்கியங்களை இணையத்தில் வெளியிடும் மதுரைத் திட்டம் தொடங்கியது. அதற்காகச் சங்க நூல்களை வீட்டில் உட்கார்ந்து தட்டச்சு செய்தவர்கள் வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்த தன்னார்வலர்கள். அந்தக் காலத்தில் தளத்துக்குத் தளம் வேறு எழுத்துரு. அதை இறக்கி நிறுவாவிட்டால் திரையில் தமிழ் வராது, புரியாத ஆங்கிலக் குப்பைதான் வரும். இன்று அந்தத் தொல்லை ஒரே வரியில் தீர்கிறது. எழுத்துக் குறியாக்கம் 'யூ.டி.எஃப்-8' என்று குறிக்கும் அந்த வரியைப் பக்கத்தின் தலைப்பகுதியில் மறக்காமல் எழுதுங்கள். விட்டுவிட்டால் உங்கள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், தலையில் கோடு போட்ட ஆங்கில 'ஏ'யும், வட்டத்துக்குள் உட்கார்ந்த 'ஆர்' எழுத்தும் வரிசை கட்டி நிற்கக்கூடும். மிரண்டுவிட வேண்டாம். அதுவும் நம் தமிழ்தான். பிரவுசர் அதைத் தவறாகப் படிக்கிறது.

இதை வீட்டிலேயே தனியாகச் செய்ய முடியாதா? முடியும். நோட்பேட் ஒன்று போதும். ஆனால் தடித்த எழுத்துக்கான குறியைத் திறந்துவிட்டு மூட மறந்தால், அதற்குப் பிறகு வரும் பத்தி எல்லாம் தடித்துக்கொண்டு நிற்கும். தனியாக இருப்பவர் அரை மணி நேரம் தேடிவிட்டு, "நமக்கு இதெல்லாம் சரிப்படாது" என்று எழுந்துவிடுவார். பக்கத்து நாற்காலிக்காரர் இருந்தால், "அக்கா, மூடும் குறியின் சாய்கோட்டைக் காணோமே" என்பார். வேலை முடிந்தது. இத்தனை நாற்காலிகளை நெருக்கிப் போட்டிருப்பதன் காரணம் இதுதான். இடநெருக்கடி என்று எண்ணிவிடாதீர்கள்.

என்ன எழுதுவது என்று யோசிக்கிறவர்களுக்கு: உங்கள் ஊர் வாய்க்காலின் பெயர், அம்மா வைக்கும் கருவாட்டுக் குழம்பின் பக்குவம், படித்ததில் பிடித்த பத்துப் புத்தகங்கள், எது வேண்டுமானாலும். லட்சம் பேர் படிக்கப் போவதில்லை. பத்துப் பேர் படித்தால் அதிகம். அந்தப் பத்துப் பேருக்காக ஒழுங்காக எழுதுங்கள், போதும். ஆர்வக்கோளாறில் ஆதார் எண்ணையும் வீட்டு முகவரியையும் மட்டும் போட்டுவிடாதீர்கள்!

ஒரே ஒரு வேண்டுகோள். பக்கத்தின் அடியில் இடப்புறம் அமர்ந்தவரின் பக்கத்துக்கு ஓர் இணைப்பு, வலப்புறம் அமர்ந்தவருக்கு ஓர் இணைப்பு கொடுங்கள். கடைசி நாற்காலியில் இருப்பவர் முதல் நாற்காலிக்குக் கொடுக்கட்டும். 1990-களில் முன்பின் அறியாதவர்கள் இப்படித்தான் தங்கள் பக்கங்களை வளையமாகக் கோத்து வைத்தார்கள். இணைப்பு கொடுக்க அவர் முகவரி வேண்டும். முகவரிக்கு முன் அவர் பெயரைக் கேட்க வேண்டும். வேலையைத் தொடங்குவதற்கு முன், இருபுறமும் திரும்பி ஒருவரை ஒருவர் அறிமுகப்படுத்திக்கொள்ளுங்கள்.