காடு இட்ட பெயர்கள்



ஒருமுறை பத்தாம் ஆண்டு மாணவர்களுக்கு ஊர்ப்பெயர்கள் பற்றிப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். ‘கரடிப்போக்கு’ என்று கரும்பலகையில் எழுதிப் பொருள் கேட்டேன். பட்டணத்துப் பிள்ளைகள் சிரித்தார்கள். பின்வாங்கில் இருந்த வன்னிப் பையன் ஒருவன் எழுந்து, “கரடி போய் வாற வழி, சேர்” என்றான். பண்டிதர் உரையும் இதைவிடத் தெளிவாக இராது.

வடக்கே ஆனையிறவுக் கடனீரேரி, தெற்கே அநுராதபுர மாவட்டம், மேற்கே மன்னார்க் கடல், கிழக்கே முல்லைத்தீவுக் கடல் - இவற்றுக்கு இடைப்பட்டது வன்னிப் பெருநிலம். நிர்வாக எல்லைகள் காலத்துக்குக் காலம் மாறின. கிளிநொச்சி தனி மாவட்டமானது 1984 இல்தான். இயற்கை வகுத்த அமைப்போ மிகப் பழையது.

கனகராயன் ஆறு வடக்கு நோக்கியும், பறங்கி ஆறு மேற்கு நோக்கியும், பேராறு கிழக்கு நோக்கியும் செல்கின்றன. எனினும் இவை மாரிகால ஆறுகள். ஐப்பசி முதல் தை வரையுமே பெருமழை. ஆனி, ஆடியில் ஆற்றுப்படுக்கை மணலாகிவிடக் குளமே தஞ்சம். உழவனுக்கும் அதுவே, மரைக்கும் பன்றிக்கும் அதுவே. வவுனியாவை அடுத்த பன்றிக்கெய்தகுளம், மரையடித்தகுளம் என்னும் பெயர்கள் அந்தச் சந்திப்புக்குச் சாட்சி. ‘எய்த’ என்ற சொல்லிலே வில்லும் அம்பும் இன்னும் இருக்கின்றன.

பாலையும் வீரையும் முதிரையும் செறிந்த காடு இது. பாலை பழுத்தால் கரடி மரமேறும். ஆனையிறவும் ஆனைவிழுந்தானும் யானையின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. 1938 இல் பறவைகள் சரணாலயமான சுண்டிக்குளம், 2015 இல் தேசிய பூங்காவாகியது. அங்கே பூநாரைகள் வந்திறங்கும் காட்சி கண்கொள்ளாதது.

2009 இல் போர் முடிந்தபின் மக்கள் தம் காணிகளுக்கு மீண்டனர். காட்டோரங்களில் யானைக்கும் உழவனுக்கும் பிணக்குத் தொடர்கிறது. விளைந்த வயலை ஓரிரவில் இழந்தவனின் துயர் சிறிதன்று. ஆயினும் யானை நம் ஊருக்குள் வந்ததா, நாம் அதன் வழியில் குடியேறினோமா என்று கேட்க வேண்டாமா? புதிய வேலி போடுமுன் பழைய ஊர்ப்பெயரை ஒருதரம் வாசித்தால், எந்த விலங்கின் வழி எது என்பதற்கு ஒரு தடயமாவது கிடைக்கும்.

மாணவச் செல்வங்களே, உங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் பெயர்க் காரணம் கேட்டு எழுதி வையுங்கள். அவர்கள் போனபின் கேட்பதற்கு ஆளிராது.