பாறையில் பதிந்த உழைப்பின் வரலாறு

(கட்சி ஊழியர்களுக்கான அறிவியல் வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

1982ஆம் ஆண்டு டிசம்பர் 5 அன்று, மத்தியப் பிரதேசத்தின் செஹோர் மாவட்டத்தில் நர்மதையின் வடகரையிலுள்ள ஹத்னோரா என்னும் சிற்றூர் அருகே, இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் அருண் சோனாகியா ஒரு மண்டையோட்டின் மேற்பகுதியைக் கண்டெடுத்தார். ஆற்றுச் சரளையில் இறுகிக் கல்லாகிப்போன எலும்பு அது. அதே படிவத்தில் யானை இன விலங்குகளின் எலும்புகளும் மனிதர் செதுக்கிய கற்கருவிகளும் கிடைத்தன.

சோனாகியா அதை ஹோமோ எரக்டஸ் இனத்தில் சேர்த்தார். பின்னர் மீளாய்வு செய்த கென்னத் கென்னடியும் அவருடைய குழுவினரும் 1991இல், அது தொன்மையான ஹோமோ சேப்பியன்ஸ் வகைக்கே நெருக்கமானது என்றனர். மூளையின் கொள்ளளவு 1,155 முதல் 1,421 கன சென்டிமீட்டர் வரை இருந்திருக்கலாம் என மதிப்பிட்டனர். அதன் இனம் குறித்தும் காலம் குறித்தும் விவாதம் தொடர்கிறது. ஆயினும் இன்றைய மனிதனுக்கு முன்னரும் மனித இனங்கள் இம்மண்ணில் வாழ்ந்தன என்பதற்கு அந்த எலும்பே நேரடிச் சான்று.

இத்தகைய எலும்புகள் இந்தியாவில் மிக அரிதாகவே கிடைத்துள்ளன. கற்கருவிகளோ நாடெங்கும் ஏராளம். எலும்பு கிடைக்காத இடங்களில் ஆதிமனிதரின் வாழ்வை அறிய அவர்களது உழைப்பின் விளைபொருளே துணையாகிறது.

உழைக்கும் கை

கர்நாடகத்தின் ஹுன்சகி பள்ளத்தாக்கில் இசம்பூர் என்னும் இடம் உள்ளது. புனே தக்காணக் கல்லூரியின் பேராசிரியர் கே.பத்தையாவின் தலைமையில் அங்கு நடந்த அகழாய்வு, சுமார் 12 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டதாகக் கணிக்கப்படும் ஒரு தொழிற்களத்தை வெளிக்கொணர்ந்தது. இயற்கையாகப் பாளம் பாளமாக வெடித்திருந்த சுண்ணாம்புப் பாறையிலிருந்து தகுந்த பாளங்களைத் தேர்ந்து பெயர்த்து, கடினமான சுத்தியற்கற்களால் தட்டிச் செதுக்கிக் கைக்கோடரிகளையும் வெட்டுக்கருவிகளையும் அங்கேயே செய்துள்ளனர். செதுக்கும்போது தெறித்த சில்லுகளும் அங்கேயே கிடந்தன.

சென்னைக்கு அருகே கொற்றலை ஆற்றுப் படுகையிலுள்ள அத்திரம்பாக்கத்தின் வரலாறும் இதனுடன் இணைந்தது. 1863இல் இராபர்ட் புரூஸ் ஃபுட் கண்டறிந்த இவ்விடத்தை, சாந்தி பப்புவும் அவருடைய குழுவினரும் பின்னர் மீண்டும் அகழ்ந்தனர். அங்குள்ள மிகப் பழைய கருவிகளின் வயது சுமார் 15 இலட்சம் ஆண்டுகள் என்னும் முடிவு 2011இல் வெளியாயிற்று.

ஒரு கைக்கோடரியைச் செய்ய, கல்லின் தன்மையை அறிந்திருக்க வேண்டும். முடிவில் கிடைக்கவேண்டிய வடிவம் முன்கூட்டியே மனத்தில் இருக்க வேண்டும். அத்திறன் மூத்தோரிடமிருந்து இளையோருக்குக் கைமாற வேண்டும். அதாவது உழைப்பு, சிந்தனை, கல்வி ஆகிய மூன்றும் அந்தக் கல்லில் ஒருங்கே உறைந்துள்ளன.

1876இல் எங்கெல்ஸ் எழுதி, அவரது மறைவுக்குப் பின் 1896இல் வெளிவந்த கட்டுரை, குரங்கு மனிதனாக மாறியதில் உழைப்பின் பாத்திரத்தை விளக்கியது. நிமிர்ந்த நடையால் கை விடுதலை பெற்றது. கையின் உழைப்பு மூளையின் வளர்ச்சிக்கு வழி வகுத்தது என்பது அதன் சாரம். அன்று ஆப்பிரிக்கப் புதைபடிவம் எதுவும் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. நூறாண்டுகளுக்குப் பின் தான்சானியாவின் லேட்டோலியில் கிடைத்த, 36 இலட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய காலடித் தடங்கள், பெரிய மூளை தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே நிமிர்ந்த நடை வந்துவிட்டதைக் காட்டின. அதே வேளையில், வாழ்நாளில் ஈட்டிய பண்புகள் அப்படியே சந்ததிக்குச் செல்லும் என்னும் அக்காலக் கருத்து அக்கட்டுரையிலும் உண்டு. மரபணு அறிவியல் அதைப் பின்னர் ஏற்கவில்லை. எங்கெல்ஸை வேதமாக ஓதுவது மார்க்சியமாகாது. அவரது ஆய்வுமுறையைக் கைக்கொள்வதே மார்க்சியம்.

சுவரில் தெரியும் சமூகம்

போபாலுக்குத் தென்கிழக்கே, விந்திய மலையடிவாரத்தில் பீம்பேட்கா பாறைக்குகைகள் உள்ளன. பாண்டவரில் ஒருவனான பீமன் அமர்ந்த இடம் என மக்கள் வழங்கிய பெயர் அது. 1957இல் தொல்லியல் அறிஞர் வி.எஸ்.வாகண்கர், இரயிலில் செல்கையில் அப்பாறைகளைக் கண்டு தேடிச்சென்று, அங்குள்ள ஓவியங்களை உலகறியச் செய்தார். 2003இல் யுனெஸ்கோ அதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

இடைக்கற்காலம் தொடங்கி வரலாற்றுக் காலம் வரை அச்சுவர்களில் மனிதர் வரைந்துவந்துள்ளனர். செங்காவியும் வெள்ளையுமே பெரும்பாலான ஓவியங்களின் நிறங்கள். கூட்டாக வேட்டையாடுவோர், தேனெடுப்போர், கைகோத்து ஆடுவோர், காட்டெருமைகள், மான்கள் என வாழ்வே அங்கு விரிகிறது. பழைய ஓவியத்தின் மேலேயே பின்வந்தோர் புதிய ஓவியம் தீட்டினர். பிற்கால அடுக்குகளில் காட்சி மாறுகிறது. குதிரைமீதும் யானைமீதும் அமர்ந்த வீரர்கள், வாளும் கேடயமும், படைகளின் மோதல் ஆகியன இடம்பெறுகின்றன.

தோழர்களே, ஊன்றிக் கவனிக்க வேண்டிய இடம் இதுவே. ஒரே பாறையில், ஒருவரோடொருவர் கைகோத்து நிற்கும் மனிதரும் உள்ளனர். குதிரைமேல் ஆயுதத்துடன் வரும் மனிதரும் உள்ளனர். இரண்டுக்கும் இடையே ஆயிரக்கணக்கான ஆண்டுகள் உள்ளன. ஆள்வோரும் ஆளப்படுவோரும் படைப்புக் காலம் முதலே இருந்தனர் என்னும் கூற்றை அச்சுவர் மறுக்கிறது. ஏற்றத்தாழ்வுக்கு ஒரு தொடக்கம் உண்டு. தொடக்கம் உள்ளதற்கு முடிவும் இருக்க முடியும்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. சுற்றியுள்ள 21 கிராமங்களின் பண்பாட்டு மரபுகள் இவ்வோவியங்களை வெகுவாக ஒத்திருப்பதாக யுனெஸ்கோ குறிப்பிடுகிறது. இதைக் காட்டி அங்குள்ள பழங்குடி மக்களைக் ‘கற்கால மனிதர்’ என்பது அறிவீனம். அவர்கள் நமது சமகாலக் குடிமக்கள், உரிமையுள்ள மனிதர்கள்.

தன்னைத் திருத்திக்கொள்ளும் அறிவு

2021இல் பீம்பேட்கா குகையொன்றின் கூரையில், 50 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட டிக்கின்சோனியா என்னும் உயிரியின் புதைபடிவம் இருப்பதாக ஆய்வாளர்கள் அறிவித்தனர். 2023இல் மற்றொரு குழு நேரில் ஆராய்ந்து, அது மலைத்தேனீயின் சிதைந்த கூட்டின் தடம் என நிறுவியது. முதலில் அறிவித்தவர்களும் அதை ஏற்றுக்கொண்டனர். சான்று மாறினால் முடிவும் மாறும் என்பதே அறிவியலின் வலிமை.

பாடநூலில் விழுந்த வெட்டு

அந்த வலிமையையே இன்றைய ஆட்சியாளர்கள் அஞ்சுகின்றனர். 2018இல் ஒன்றிய இணையமைச்சர் ஒருவர், டார்வினின் கோட்பாடு அறிவியல்பூர்வமாகத் தவறானது என்றார். பின்னர், பாடச்சுமையைக் குறைப்பதாகக் கூறி, என்சிஇஆர்டியின் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலிலிருந்து பரிணாமம், புதைபடிவங்கள், மனிதப் பரிணாமம் ஆகிய பகுதிகள் நீக்கப்பட்டன. ‘பாரம்பரியமும் பரிணாமமும்’ என்றிருந்த பாடம் ‘பாரம்பரியம்’ என்று மட்டும் ஆயிற்று. 2023இல் 1,800க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் இதைக் கண்டித்துக் கையெழுத்திட்டனர்.

பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் பரிணாமம் உள்ளதே என்பது அரசுத் தரப்பின் விடை. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி வேலைக்குச் செல்லும் பிள்ளை எவருடையது? விவசாயத் தொழிலாளியின், கட்டடத் தொழிலாளியின் பிள்ளை அல்லவா? மேற்படிப்பில் உயிரியலைத் தேர்ந்தவர்க்கு மட்டும் மனிதனின் தோற்றம் தெரிந்தால் போதும் என்பதே இதன் பொருள். எவருடைய உழைப்பு மனிதனை மனிதனாக்கியதோ, அவருடைய வாரிசுகளுக்கே அவ்வரலாறு மறுக்கப்படுகிறது.

நீக்கப்பட்ட பகுதிகளை மீண்டும் சேர்க்கக் கோரும் போராட்டம் ஆசிரியர், மாணவர் அமைப்புகளின் பணி மட்டுமன்று. ஒவ்வொரு கிளையும் தன் பகுதியிலுள்ள பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டி, நீக்கப்பட்ட பாடத்தை ஒரு மாலையில் நடத்த முடியும். ஹத்னோராவின் எலும்பும், இசம்பூரின் கல்லும், பீம்பேட்காவின் ஓவியமும் அவ்வகுப்புக்குப் போதுமான பாடப்பொருளாகும்.