தண்ணீர்க் குழாயில் காற்றை அடைக்கலாமா?



கோவை கணபதிப் பக்கம், வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, ஒரு லேத்தும் ஒரு டிரில்லிங் மெஷினும் வைத்துத் தொழில் நடத்தும் குடும்பங்கள் நிறைய. அப்படி ஒரு பட்டறைக்குப் போன மாதம் ஒரு தம்பி என்னைக் கூப்பிட்டார். புதிதாக ஏர் லைன் போட்டிருக்கிறார், பார்த்துச் சொல்ல வேண்டுமாம். போய்ப் பார்த்தேன். சுவரோரம் நூல் பிடித்த மாதிரி சாம்பல் நிற பிவிசி பைப். வரிசையாகக் கிளாம்ப், மூலைக்கு மூலை எல்போ, ஒரு சொட்டு சால்வெண்ட் வெளியே வழியவில்லை. வேலையைக் குறை சொல்ல இடமே இல்லை. ஆனால் அந்தப் பைப்புக்கு அடியில் உட்கார்ந்து அவருடைய மகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். முதலில் பிள்ளையை வீட்டுக்குள் அனுப்புங்கள் என்றேன்.

"ஏனுங்ணா, பைப்புல 10 கிலோன்னு போட்டிருக்குதுங்க. கம்ப்ரசர் 8 கிலோவுல கட் ஆயிருதுங்க. அப்புறம் என்னங்க பயம்?"

நியாயமான கேள்வி. கம்ப்ரசர் செய்யும் எல்ஜி நிறுவனம் 1960இல் தொடங்கிய ஊர் இது. கம்ப்ரசர் வாங்கும்போது ஆயிரம் விவரம் விசாரிக்கிற நாம், பைப்புக்கு மட்டும் பக்கத்து ஹார்டுவேர் கடையோடு நின்றுவிடுகிறோம். அந்தப் பைப்பில் 10 கிலோ என்ற எழுத்துக்குப் பக்கத்திலேயே ஐஎஸ் 4985 என்றும் அச்சிட்டிருந்தது. அது குடிநீர்க் குழாய்களுக்கான இந்தியத் தரம். அதாவது, சதுர சென்டிமீட்டருக்கு 10 கிலோ அழுத்தம் என்பது தண்ணீருக்குச் சொன்ன கணக்கு.

தண்ணீரை எவ்வளவு அழுத்தினாலும் அது சுருங்குவதில்லை என்றே சொல்லலாம். அடைத்து வைத்த தண்ணீர்க் குழாயில் விரிசல் விட்டால், கொஞ்சம் பீய்ச்சும், அழுத்தம் இறங்கிவிடும். காற்று அப்படி இல்லை. மீட்டரில் 8 கிலோ காட்டுகிறது என்றால், ஒன்பது பங்கு காற்றை ஒரு பங்கு இடத்துக்குள் மடக்கி வைத்திருக்கிறோம். 160 லிட்டர் டேங்க்கில் ஏறக்குறைய 1,300 லிட்டர் காற்று வெளியே பாயக் காத்திருக்கிறது. பைப்பில் ஓர் இடம் விட்டுக்கொடுத்தால் போதும், அத்தனையும் அந்த வழியாகப் பாயும். பிரஷர் டேங்குகளைப் பொதுவாகத் தண்ணீர் நிரப்பிச் சோதிப்பதே இதனால்தான்.

பிவிசி கெட்டியான பொருள், ஆனால் வளைந்துகொடுக்காது. ஓர் இடத்தில் கீறல் விழுந்தால் பைப்பின் நீளத்துக்கும் ஓடி, கண்ணாடி மாதிரிச் சிதறும். என் பட்டறையிலேயே இது நடந்தது. டேங்க்கை நிரப்பி, வால்வை மூடாமல் இரவு வீட்டுக்கு வந்துவிட்டேன். காலையில் கதவைத் திறந்தால், மூலையில் இருந்த எல்போவைக் காணவில்லை. எதிர்ச் சுவரில் சாத்தியிருந்த தெர்மாகோல் அட்டையில் விரல்நீளச் சில்லுகள் ஏழெட்டு குத்தி நின்றன. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன், நுனி சவரக்கத்தி போல இருந்தது. பகலில் அந்த அட்டை இருந்த இடத்தில்தான் நான் நிற்பேன்.

என் அனுபவம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். டெக்சாஸில் ஓர் ஆலையில் காற்றுக்குப் போட்ட பிவிசி பைப் வெடித்துத் தொழிலாளி ஒருவர் காயப்பட்ட பிறகு, அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷா 1988 மே மாதம் எச்சரிக்கை வெளியிட்டது. வாஷிங்டன் மாநிலத் தொழிலாளர் துறை பதிவு செய்த இன்னொரு வெடிப்பில், பைப் துண்டு 60 அடி பறந்து ஒரு காகித உருளையில் போய்க் குத்தியது.

"என் பைப் பல வருஷமா ஓடுது, ஒண்ணும் ஆகல" என்று சொல்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பைப்பில் அச்சிட்ட தாங்குதிறன் 27 டிகிரி வெப்பத்துக்கு உரியது. 43 டிகிரியில் பிவிசியின் பலம் ஏறக்குறைய பாதி, 60 டிகிரியில் நாலில் ஒரு பங்குகூட இல்லை. சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் என்ன சூடு இருக்கும்? கம்ப்ரசர் ஹெட்டிலிருந்து வரும் காற்றும் சுடச்சுடத்தான் வருகிறது. இதோடு சில செயற்கை கம்ப்ரசர் ஆயில்கள் பிவிசியை அரிக்கும், வெயில் பட்டால் பைப் மொறமொறப்பாகும். சிபிவிசியும் இதே குடும்பம்தான், அதுவும் காற்றுக்கு ஆகாது.

ஆகவே பைப் வாங்கும்போது எவ்வளவு தாங்கும் என்பதோடு, கெட்டுப்போனால் எப்படிக் கெடும் என்றும் கேளுங்கள். நான் ஜிஐ இரும்புப் பைப்பைப் போடச் சொல்வது இதற்காகத்தான். அது கெடுவது மரையில். துருப்பிடித்து 'உஸ்ஸ்' என்று சத்தம் போடும், காதில் விழும், மறுநாள் கழற்றி மாட்டிக்கொள்ளலாம். நீலக் கோடு போட்ட பி கிளாஸ் பைப் கேளுங்கள். மஞ்சள் கோடு லைட், சிவப்பு ஹெவி. மூன்றையும் தயாரிப்பில் 50 பார் தண்ணீர் அழுத்தத்தில் சோதிப்பார்கள். 2, 3 எச்பி கம்ப்ரசருக்கு முக்கால் இஞ்ச் போதும்.

செம்பு அருமையான பொருள், துருப்பிடிக்காது, விலைதான் கை சுடும். அலுமினிய லைன் சுத்தமானது, மாட்டுவதும் சுலபம், ஃபிட்டிங் விலையைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். பிபிஆர் பைப்பை, கம்பெனியே காற்றுக்கு இத்தனை கிலோ, இத்தனை டிகிரி வரை என்று எழுத்தில் கொடுத்தால் மட்டும் போடுங்கள். கடைக்காரர் வாய்ச்சொல் போதாது.

பைப் போடுவதில் ஒரு கலை இருக்கிறது, அதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அழுத்திய காற்று ஆறும்போது தண்ணீர் விடும். அந்தத் தண்ணீருக்கு வழி காட்டத் தெரிந்தவரே நல்ல ஃபிட்டர். 10 மீட்டர் லைனுக்கு 10 சென்டிமீட்டர் வாட்டம் கொடுப்பார். கிளை எடுக்கும்போது மெயின் பைப்பின் அடியில் எடுக்கமாட்டார். மேல்பக்கம் ஏற்றி, வாத்துக் கழுத்து மாதிரி வளைத்து, பிறகு கீழே இறக்குவார். அப்போது காற்று மட்டும் இறங்கும், தண்ணீர் மெயினோடு போய்விடும். இறக்கிய பைப்பின் பக்கவாட்டில் டீ வைத்து ஹோஸுக்கு வழி, அதற்கும் கீழே ஓர் அடிப் பைப், நுனியில் ஒரு பால் வால்வு. சாயங்காலம் அதைத் திருப்பினால் டீத்தண்ணி நிறத்தில் ஒரு மடக்குத் தண்ணீர் சீறிக்கொண்டு வரும். அத்தனையும் பெயின்ட் கன்னுக்குள் போயிருக்க வேண்டியது. டேங்க் அடி வால்வையும் தினம் திறந்துவிடுங்கள், உள்ளே துரு அரிப்பது குறையும்.

கம்ப்ரசருக்கும் பைப்புக்கும் நடுவில் அழுத்தமும் சூடும் தாங்கும் ரப்பர் ஹோஸ் ஒரு முழம் வேண்டும். இல்லையென்றால் மெஷினின் அதிர்வே மரையைத் தளர்த்திவிடும்.

வேலை முடிந்ததும் ஒரேயடியாக 8 கிலோ ஏற்றாதீர்கள். 2 கிலோவில் நிறுத்தி, ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் சோப்புத் தண்ணீரை பிரஷ்ஷால் தடவுங்கள். பிறகு 4, பிறகு முழு அழுத்தம். 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று போதும், 2 எச்பி கம்ப்ரசர் தரும் காற்று மொத்தத்தையும் விழுங்கிவிடும்.

அந்தத் தம்பி அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஜிஐ பைப் இறக்கினார். மரை வெட்டி, டெஃப்லான் சுற்றி, இருட்டும்வரை கூட இருந்தேன். கழற்றிய பிவிசி பைப்புகள் வாசலில் கட்டாகக் கிடந்தன. அவருடைய அம்மா வந்து பார்த்துவிட்டு, "இத்தனையும் வீணுங்களா? தென்னைக்குத் தண்ணி உடறதுக்கு ஆகுமுங்களா?" என்று கேட்டார்.

"தாராளமா உடுங்கம்மா. அதுக்குத்தான் அதைச் செஞ்சாங்க" என்றேன்.