நாவும் நூலும்

(மகளிர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு நூலைக் கையிலெடுக்கும் நாம் அதனை எழுதியவர் யார் என்று பார்க்கின்றோம். வெளியிட்டவர் யார் என்று பெரும்பாலும் பார்ப்பதில்லை. ஆயினும், எவர் சொல் ஏடேற வேண்டும், எவர் சொல் காற்றோடு கரைய வேண்டும் என்று முடிவு செய்கின்றவர் பதிப்பாளரே. அம்முடிவு நெடுங்காலம் ஆடவர் கையிலேயே இருந்தது. அதனைப் பெண்கள் கைக்கு மாற்றியவருள் ஒருவரின் பணியே இன்றைய உரைப்பொருள். அவர் பெயர் ஊர்வசி புட்டாலியா.

1952-இல் அம்பாலாவில் பிறந்தவர் அவர். நாட்டுப் பிரிவினையால் இலாகூரை விட்டு வந்த குடும்பம் அவருடையது. தில்லியில் இலக்கியம் பயின்று, ஆக்சுபோர்டு பல்கலைக்கழக அச்சகத்தின் தில்லிக் கிளையில் பணிக்குச் சேர்ந்து, பதிப்புத் தொழிலின் நெளிவு சுளிவுகளைக் கற்றார். மணக்கொடைக் கொலைகளை எதிர்த்துத் தில்லித் தெருக்களில் மகளிர் எழுப்பிய போராட்டங்களிலும் பங்கு கொண்டார். இந்நாட்டுப் பெண்களின் நிலையை விளக்கும் நூல்களைத் தேடியபோது கிடைத்தவை மிகச் சிலவே. இல்லாத நூலுக்காக ஏங்கியிருப்பதா, அதனை உண்டாக்குவதா? அவர் உண்டாக்கத் துணிந்தார். இலண்டனில் ஒரு பதிப்பகத்தில் சில காலம் பணியாற்றித் திரும்பியபின், 1984-இல் இரிது மேனன் என்னும் அம்மையாருடன் இணைந்து, காளியின் பெயரால் ஒரு மகளிர் பதிப்பகத்தைத் தொடங்கினார். பெண்ணுரிமைக்கென்றே இந்தியாவில் தோன்றிய முதற் பதிப்பகம் அது. கையிலிருந்த முதல் சிறிது, துணிவோ பெரிது.

அப்பதிப்பகத்தின் பெருமையை அளக்க ஒரு நூல் போதும். இராசத்தானத்து ஊர்ப்புறப் பெண்கள் எழுபத்தைவர் கூடித் தம் உடலைப் பற்றிய அறிவைத் தாமே எழுதித் தாமே படம் வரைந்து ஓர் இந்தி நூலாக்கினர். முதலில் பெண்ணுடலை ஆடையின்றி வரைந்தனர். ஊராரிடம் காட்டியபோது, ஆடையில்லாப் பெண்ணை இவ்வூரில் எவரும் காண்பதில்லையே, இப்படம் எப்படி மெய்யாகும் என்று கேட்டனர். அப்பெண்கள் சினக்கவில்லை, சிந்தித்தனர். முழு உடையணிந்த பெண்ணை வரைந்து, அதன்மேல் ஒட்டிய தாள்மடலைத் தூக்கினால் உள்ளுறுப்புகள் தெரியுமாறு அமைத்தனர். நாணமும் கெடவில்லை, அறிவும் மறையவில்லை. படித்தோர் பலர் கூடினும் தோன்றாத சூழ்ச்சித்திறன் இது!

நூலைக் கொடுக்கும்போது அவர்கள் கேட்டவை இரண்டு. எழுபத்தைவர் பெயரும் நூலாசிரியர் பெயராக அச்சிடப்பெறல் வேண்டும். ஊர்ப்புறப் பெண்களுக்கு ஊதியம் வையாது அடக்க விலைக்கே விற்றல் வேண்டும். பதிப்பகம் இரண்டிற்கும் இசைந்தது. 1989-இல் வெளிவந்த அந்நூல் பல்லாயிரம் படிகள் பரவியது. நூலின் உரிமை எவருடையது என்னும் கேள்விக்கு இதனினும் தெளிந்த விடை வேறுண்டோ?

ஊர்வசி அம்மையார் பிறர் நூலை வெளியிட்டதோடு அமையவில்லை. 1984-இல் தில்லியில் சீக்கியர்கள் கொன்று குவிக்கப்பட்டபோது துயர்துடைப்புப் பணியில் ஈடுபட்டார். 1947 மீண்டும் வந்துவிட்டதே என்று முதியோர் புலம்பக் கேட்டார். பிரிவினையில் ஏறத்தாழ ஒரு கோடியே இருபது இலக்கம் மக்கள் ஊர் பெயர்ந்தனர். எழுபத்தையாயிரம் பெண்கள் கடத்தப்பட்டனர் என்பர். தலைவர்களின் உடன்படிக்கைகள் ஏடேறின; அப்பெண்களின் கண்ணீர் ஏடேறவில்லை. இலாகூரிலேயே தங்கி மதம் மாறிய தம் தாய்மாமனைக் குடும்பம் பிரிந்து நாற்பதாண்டு கழித்துத் தேடிச் சென்று கண்டார். பின்னும் பல்லாண்டு பெண்டிர், சிறார், ஒடுக்கப்பட்டோர் வாய்மொழியைக் கேட்டுத் தொகுத்து, 1998-இல் ஆங்கிலத்தில் நூலாக்கினார். வாய் திறவாதவர்க்கு வரலாறு இல்லை என்பது பொய். அவர்களைக் கேட்டவர் இல்லை என்பதே மெய் என அந்நூல் காட்டிற்று.

2003-இல் நிறுவனர் இருவரும் தனித்தனி வழி கொண்டனர். ஊர்வசி அம்மையார் தொடங்கிய புதுப் பதிப்பகத்தின் பெயர் 'சுபான்'. வடபுல மொழிகளில் அச்சொல் நாக்கையும் குறிக்கும், மொழியையும் குறிக்கும். நாவலர், நாவன்மை என்று வழங்கும் நமக்கு அவ்விரு பொருளின் உறவை எவரும் விளக்க வேண்டுவதில்லை.

அந்த நாவில் எவர் பேசினர்? பன்னிரண்டாம் அகவையில் மணம் செய்விக்கப்பட்டு, பின்னர்க் கணவனை நீங்கி, மூன்று மக்களுடன் வந்து வீட்டுவேலை செய்து பிழைத்த பேபி ஆல்தார் பேசினார். வேலை செய்த வீட்டுப் பெரியவர் கொடுத்த ஏட்டில் அவர் வங்கமொழியில் எழுதிய தன்வரலாற்றை ஊர்வசி அம்மையாரே ஆங்கிலமாக்கி 2006-இல் வெளியிட்டார். நம் துவரங்குறிச்சிச் சல்மாவும் பேசினார். அவருடைய 'இரண்டாம் சாமங்களின் கதை', இலக்குமி ஓம்சுதுரோம் மொழிபெயர்க்க, 2009-இல் அப்பதிப்பகத்தின் வழியே உலகோர் கைக்குச் சென்றது. 2011-இல் ஊர்வசி, இரிது மேனன் இருவர்க்கும் இந்திய அரசு தாமரைத்திரு விருது வழங்கியது; 2017-இல் செருமானிய நாட்டின் கோதே பதக்கம் ஊர்வசி அம்மையாரை அடைந்தது.

தோழர்களே! புகழ்ந்து கலைவது தமிழர் வழக்கமாகிவிடக் கூடாது. அவர் பதிப்பித்தவற்றுள் பெரும்பாலானவை ஆங்கில நூல்கள். ஆங்கிலம் உலகுக்கு எட்டும். அடுத்த தெருவுக்கு எட்டாது. தம் மொழியில் எழுதியமையாலன்றோ அந்த எழுபத்தைவர் நூல் ஊர்ப் பெண்கள் கையில் தவழ்ந்தது? அவர் வாழ்வு கற்பிக்கும் பாடத்தை அவர் நூல்களுள்ளும் இந்த ஒன்றே முழுமையாகச் சொல்கின்றது.

நம் ஊர்களில் நடவுப் பாட்டுப் பாடிய கிழவியின் பெயர் எங்கே? தொகுத்தவர் பெயர் அட்டையில் ஒளிர்கின்றது. பாடியவள் பெயர் உள்ளேயும் இல்லாத நூல்கள் உண்டு. மருந்து சொன்ன மருத்துவச்சியும், கதை சொன்ன பாட்டியும் அவ்வாறே மறைந்தனர். இனி நூல் வெளியிட முனையும் தமிழிளைஞர், தாம் பேசுமுன் கேட்கப் பழகுக. கேட்டதை அவர்தம் தமிழிலேயே அச்சிடுக. சொன்னவள் பெயரை முதலில் பொறித்திடுக.

நா அவளுடையது. நூலும் அவளுடையதாகுக!