வீட்டிலேயே மிளகாய் சாஸ்



மிளகாய்ச் செடி ஒரு சமயத்தில் காய்த்துக் குவிக்கும். அப்போது சந்தையில் விலை விழும். பறிகூலிக்குக்கூடக் கட்டாத நாளும் உண்டு. வெயில் இருந்தால் பழத்தைக் காயவைத்து வற்றல் ஆக்கலாம். மழை பிடித்துக்கொண்டால் என்ன செய்வது? இரண்டு மூன்று நாளில் பழம் அழுக ஆரம்பித்துவிடும். அந்தப் பழத்தை மாதக்கணக்கில் காப்பாற்ற ஒரு வழி இருக்கிறது. அதுதான் வினிகர் சேர்த்த மிளகாய் சாஸ். வினிகருக்குத் தமிழில் காடி என்று பெயர்.

மிளகாயையும் வினிகரையும் சேர்த்து வைக்கும் பழக்கம் நம் நாட்டில் கோவாவில் அதிகம். மிளகாய் நம் மண்ணில் பிறந்த பயிர் அல்ல. அது அமெரிக்கக் கண்டத்துப் பயிர். போர்ச்சுகீசியர் 1510-ல் கோவாவைப் பிடித்தார்கள். அவர்களுடைய கப்பல்களில்தான் மிளகாய் இங்கே வந்தது. அதற்கு முன் நம் சமையலில் காரம் என்றால் முக்கியமாக மிளகுதான். மிளகைப் போல் உறைக்கும் காய் என்பதால் மிளகாய் ஆயிற்று.

போர்ச்சுகீசியர் இறைச்சியை ஒயினிலும் பூண்டிலும் ஊறவைப்பார்கள். கோவாவில் தென்னங்கள் ஏராளம். கள் புளித்து, காற்றுப் பட்டு, வினிகராக மாறும். கோவா மக்கள் அந்த வினிகரைப் பயன்படுத்தினார்கள். மிளகாயையும் சேர்த்தார்கள். விண்டாலு என்ற குழம்பு அப்படிப் பிறந்தது. இன்றும் கோவாவில் மிளகாய், பூண்டு, இஞ்சி, சீரகம், மிளகு எல்லாவற்றையும் வினிகர் விட்டு அரைப்பார்கள். கானாங்கெளுத்தி மீனைக் கீறி, அந்த மசாலாவை உள்ளே அடைத்துப் பொரிப்பார்கள். மழைக்காலத்தில் கடலுக்குப் போக முடியாது. அப்போது வினிகரில் ஊறிய கருவாட்டு ஊறுகாய் கை கொடுக்கும்.

வினிகர் எப்படிக் காக்கிறது? உணவைக் கெடுப்பவை கண்ணுக்குத் தெரியாத கிருமிகள். அவற்றில் பலவும் கடும் புளிப்பில் வளராது. மிளகாயில் புளிப்புக் குறைவு. பூண்டிலும் குறைவு. இரண்டையும் வெறுமனே அரைத்துப் புட்டியில் அடைத்து வைப்பது ஆபத்து. ஒரு வகைக் கிருமி காற்று இல்லாத இடத்தில்தான் நன்றாக வளரும். அது நஞ்சை உண்டாக்கும். சாஸைப் பார்த்தால் கெட்டதாகத் தெரியாது. முகர்ந்தாலும் தெரியாமல் போகலாம். சாப்பிட்டவர் உயிருக்கே ஆபத்து வரலாம். புளிப்பு போதுமான அளவு இருந்தால் அந்தக் கிருமி வளராது. ஆகவே வினிகர் ருசிக்காக மட்டும் அல்ல. அதுதான் காவல்காரன்.

வினிகர் வாங்கும்போது புட்டியில் ஒட்டிய சீட்டைப் படியுங்கள். சீட்டு ஆங்கிலத்தில் இருக்கலாம். ஆனால் எண்ணை எல்லோரும் படிக்கலாம். 4% அல்லது 5% என்று போட்டிருக்கும். 100 பங்கில் 4 அல்லது 5 பங்கு அமிலம் என்று அதற்குப் பொருள். நம் நாட்டுச் சட்டப்படி வினிகரில் 3.75 சதவீதத்துக்குக் குறையாமல் அமிலம் இருக்க வேண்டும். சாஸுக்கு 5% வாங்குவது நல்லது. வீட்டில் கள்ளிலிருந்து செய்த வினிகர் ஒரு முறை கடுமையாகவும் ஒரு முறை சப்பென்றும் இருக்கும். அன்றாடக் குழம்புக்கு அது போதும். நாள்பட வைக்கும் சாஸுக்குச் சரிப்படாது.

இன்னொரு எச்சரிக்கை. சில கடைகளில் கெட்டியான அசிட்டிக் அமிலம் மலிவாகக் கிடைக்கும். தண்ணீர் கலந்தால் வினிகர் ஆகிவிடும் என்று சொல்வார்கள். வாங்கவே வாங்காதீர்கள். அது தோலைப் பொசுக்கும். குழந்தை தெரியாமல் குடித்தால் வாயும் தொண்டையும் வெந்துவிடும்.

இனிச் செய்முறைக்கு வருவோம். பழுத்த சிவப்பு மிளகாய் அரைக் கிலோ. 5% வினிகர் அரை லிட்டர். உரித்த பூண்டு 50 கிராம். உப்பு 30 கிராம். விரும்பினால் சர்க்கரை 50 கிராம். மிளகாயைக் கழுவி, துணியால் ஈரம் போகத் துடையுங்கள். சொத்தையை எடுத்துவிடுங்கள். காம்பைக் கிள்ளி, சிறிதாக நறுக்குங்கள்.

நறுக்கும் முன் கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். மிளகாயின் காரம் எண்ணெயில் கரையும். தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. அதனால்தான் வெறும் தண்ணீரில் கழுவினால் எரிச்சல் போவதில்லை. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அதுவரை கண்ணைத் தொடாதீர்கள். கைக்குழந்தையையும் தூக்க வேண்டாம்.

பாத்திரம் எவர்சில்வராக இருக்கட்டும். செம்பு, பித்தளை, அலுமினியம் கூடாது. புளிப்பு அந்த உலோகங்களை அரிக்கும். அரித்தது சாஸில் கலக்கும்.

எல்லாவற்றையும் பாத்திரத்தில் போட்டு மூடி, சிறு தீயில் 15 நிமிடம் வேகவையுங்கள். நெடி கடுமையாக இருக்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். இளைப்பு நோய் உள்ளவர் பக்கத்தில் இருக்க வேண்டாம். நன்றாக ஆறிய பிறகு மிக்சியில் அரையுங்கள். சூடாக அரைத்தால் ஆவி மூடியைத் தள்ளிவிடும், முகத்தில் தெறிக்கும். அரைத்ததைச் சல்லடையில் வடிகட்டுங்கள். கெட்டியாக இருந்தால் தண்ணீர் விடத் தோன்றும். விடாதீர்கள். தண்ணீர் சேர்ந்தால் காவல் தளர்ந்துவிடும். வினிகரையே கொஞ்சம் விடுங்கள். பிறகு மறுபடி 5 நிமிடம் கொதிக்கவையுங்கள்.

கண்ணாடிப் புட்டிகளை முன்பே கழுவி, தண்ணீரில் போட்டு 10 நிமிடம் கொதிக்கவைத்து, உலர்த்தி வைத்திருக்க வேண்டும். சூடான சாஸை ஊற்றும்போது புட்டியும் சூடாக இருக்கட்டும். இல்லாவிட்டால் விரிசல் விடும். வெறும் தகர மூடி துருப்பிடிக்கும். பிளாஸ்டிக் மூடி நல்லது. ஒரு வாரம் கழித்துத் திறந்தால் ருசி கூடியிருக்கும். திறந்த புட்டியைக் குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். ஈரக் கரண்டி போடாதீர்கள்.

சிலர் சேர்ந்து விற்க நினைக்கலாம். மிளகாய், வினிகர், பூண்டு, அடுப்பெரிப்பு, புட்டி, கூலி எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக் கூட்டுங்கள். கூலியை எழுத மறந்துவிடுகிறவர்கள்தான் அதிகம். வீட்டுப் பெண்கள் செய்தால் கூலி இல்லையா, என்ன? விற்பதற்கு உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும். புட்டிச் சீட்டில் சேர்த்த பொருள்கள், எடை, செய்த தேதி, விலை, முகவரி எல்லாம் இருக்க வேண்டும். முதல் முறை செய்ததை வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டி, புளிப்பைச் சோதிப்பது பற்றிக் கேளுங்கள்.

மூடி உப்பினாலோ, திறக்கும்போது நுரைத்துப் பொங்கினாலோ, பூசணம் தெரிந்தாலோ அந்தப் புட்டி வேண்டாம். மேலே இருப்பதை மட்டும் வழித்துவிட்டு மீதியைச் சாப்பிடக் கூடாது. முழுவதையும் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள். ஆடு, கோழிக்கும் போட வேண்டாம். சல்லடையில் தங்கிய சக்கையை மட்டும் வீணாக்க வேண்டாம். அதை அன்றே வெயிலில் காயவைத்துப் பொடித்தால் மாங்காய்த் துண்டுக்குத் தொட்டுக்கொள்ளலாம்.