நண்பர்களோடு ஒரு தாய்லாந்து உணவு மேசையில்

 

தொழிலுக்காகவும் கல்விக்காகவும் நம்மவர்கள் பலர் தாய்லாந்துக்குச் சென்று வருகின்றனர். மாணிக்க வியாபாரிகள் சந்தபுரி வரை செல்கின்றனர்; புடவை வியாபாரிகள் பேங்கொக்கின் பிரதூனம் சந்தையில் சரக்கெடுக்கின்றனர். வேலை முடிந்த மாலையில் நண்பர்கள் ஒன்றுசேர்ந்து உணவகம் செல்வது இயல்பே. அவர்களுள் மாற்று மதத்தவரும் இருப்பர். அந்த மேசையில் ஒரு முஸ்லிம் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதையே இன்று சிந்திக்கப் போகிறோம்.

தாய்லாந்து மக்களின் உணவு முறையை முதலில் அறிந்துகொள்ளுங்கள். அங்கே சோறு மட்டுமே ஆளுக்கொரு தட்டில் வரும். கறிகளும் சூப்பும் பொரியலும் மேசையின் நடுவே வைக்கப்படும். எல்லோரும் அவற்றைப் பகிர்ந்து உண்பர். நமது கலியாண வீடுகளில் ஒரு சஹனைச் சுற்றி ஆறு பேர் அமர்வதை நினைத்துப் பாருங்கள். கூடி உண்பதன் பரக்கத்தை அறிந்த நமக்கு இது அந்நியமான வழக்கமன்று.

ஆயினும், இங்குதான் கவனம் தேவை. ஆளுக்கொரு தட்டாயின் அவரவர் உணவு அவரவருக்கு. நடுவே வைத்த பாத்திரமோ அனைவருக்கும் உரியது. ஒருவர் பன்றி இறைச்சிக்குச் சொல்லிவிட்டால் அது உங்கள் முன்னாலும் வந்து நிற்கும். அதில் புழங்கிய கரண்டி அடுத்த கறிக்கும் செல்லும். ஆகவே பேசவேண்டிய நேரம் உணவு வந்த பின்பல்ல. உணவகத்தைத் தெரிவு செய்யும் முன்பே.

"ஆஹான் இஸ்லாம்" என்ற பெயர்ப்பலகையை அங்கே காண்பீர்கள். முஸ்லிம் உணவு என்பதே அதன் பொருள். பத்தானி, யாலா, நராத்திவாட், சத்துன் ஆகிய தென் மாகாணங்களில் முஸ்லிம்களே பெரும்பான்மையினர். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரசீகத்திலிருந்து வந்த ஷேக் அஹ்மத் என்ற வணிகர் அயுத்தயா அரசில் உயர்பதவி வகித்தார். கறுவா, ஏலம், கராம்பு மணக்கும் "மஸமன்" கறியின் பெயரும் முஸ்லிம்களைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததாகவே கருதப்படுகிறது. எனவே ஹலால் உணவை அந்நாட்டில் கேட்பதற்கு நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை.

கேட்கும்போது தெரிந்து கேளுங்கள். "நம் ப்லா" எனும் மீன்சாறு நெத்தலியையும் உப்பையும் நொதிக்க வைத்து எடுப்பது. நமது சம்பலுக்கு மாசி எவ்வாறோ, அவர்களின் கறிக்கு அது அவ்வாறு. அதன் மணத்தைக் கண்டு அஞ்ச வேண்டாம். கேட்கவேண்டியவை வேறு: இறைச்சி முறைப்படி அறுக்கப்பட்டதா? பொரிப்பதற்குப் பன்றிக்கொழுப்புப் பயன்படுகிறதா? ஒரே தாச்சியில் எல்லாம் சமைக்கப்படுகிறதா? "மூ" என்றால் பன்றி என்ற ஒரு சொல்லையாவது அறிந்து வைத்திருங்கள். மது பரிமாறப்படும் மேசையில் அமர்வதையும் தவிர்த்துக்கொள்ளுமாறு மார்க்க அறிஞர்கள் கூறுகின்றனர்.

சகோதரர்களே! இதில் இருவகைத் தவறுகள் நேர்கின்றன. ஒருவர் நண்பர்கள் என்ன நினைப்பார்களோ என்று கூச்சப்பட்டு, சந்தேகமானதையும் உண்டுவிடுகிறார். மற்றொருவர் மேசையில் அமர்ந்த பின் முகம் சுளித்து, அழைத்து வந்தவரைப் பலர் முன் தலைகுனிய வைக்கிறார். முன்னவர் தம் மார்க்கத்தை இழக்கிறார். பின்னவர் நண்பனின் மனத்தை நோகடிக்கிறார். முதல் நாளே, "எனக்கு இன்ன வரையறை உண்டு, எல்லோருக்கும் ஏற்ற ஓர் உணவகம் பார்த்து வைத்திருக்கிறேன், வாருங்கள்" என்று இன்முகத்துடன் சொன்னால் இரண்டும் காப்பாற்றப்படும். உண்மையான நண்பன் அதை மதிப்பான்.

இறுதியாக, பில் வரும் நேரத்தையும் மறவாதீர்கள். ஒருவர் வெறும் சோறும் மரக்கறியும் உண்டிருப்பார். அவரிடமும் சமபங்கு கேட்பது நீதியாகாது. வசதி குறைந்த நண்பர் கூச்சத்தால் வாய்திறக்க மாட்டார். வசதியுள்ளவரே அதை உணர்ந்து, அவர் அறியாமல் கொடுத்துவிடட்டும். கறிகளையும் சிறிது சிறிதாகவே கேளுங்கள். மீதமாகி வீண்விரயமாகும் உணவுக்கும் நாம் பதில் சொல்ல வேண்டியவர்களே.

நாவுக்குச் சுவையான உணவையும் மனத்துக்கு இதமான நட்பையும் ஹலாலான வழியிலேயே நம் அனைவருக்கும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக! வஸ்ஸலாம்.