மௌனம் சாதிக்கும் சாதனங்கள்



விண்டோஸ் 10 இயங்குதளத்துக்குத் தான் அளித்துவந்த வழக்கமான பாதுகாப்புப் பராமரிப்பை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடித்துக்கொண்ட பிறகு, அடுத்த பதிப்பை ஏற்கும் யோக்கியதை தமக்கில்லை என்று அறிவிக்கப்பட்ட பழைய மடிக்கணினிகள், பழுதொன்றும் இல்லாமலேயே, மலேசியாவில் நமது பாகான் செராய் போன்ற ஊர்களின் வீடுகளில் அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்ச் சேர்ந்தன. அவற்றுக்கு மறுவாழ்வு தரும் நோக்கத்தோடு, உபுந்து, டெபியன், லினக்ஸ் மின்ட் முதலிய பெயர்களில் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் வகைத் திறந்த மூல இயங்குதளம் ஒன்றைப் பென்டிரைவில் ஏற்றி, மகனோ பேத்தியோ நிறுவித் தருவது இப்போது பல வீடுகளில் நடக்கிறது. நிறுவுவது சிறிது நேரத்துக் காரியம்தான். அதற்குப் பிறகு நேர்வதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். திரை ஒளிர்கிறது, விசைப்பலகை பணிகிறது. ஆனால் வைஃபை இல்லை, ஒலி இல்லை, அச்சுப்பொறி அசைய மறுக்கிறது. உடனே, "லினக்ஸ் நமக்குச் சரிப்படாது" என்று வீட்டில் தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது. சாட்சிகளை விசாரிக்காமல் எழுதிய தீர்ப்பு அது என்பது என் அபிப்பிராயம்.

கணினிக்குள் இருக்கும் ஒவ்வொரு சாதனத்தோடும் உரையாடுவதற்கு, டிரைவர் என்று எல்லோரும் அழைக்கும் ஓர் இயக்கி நிரல் வேண்டும். அதை எழுத, அச்சாதனம் எந்தக் கட்டளைக்கு எவ்வாறு இணங்கும் என்னும் விவரம் வேண்டும். அந்த விவரமோ அதைத் தயாரித்தவரின் கையில் இருக்கிறது. விண்டோஸுக்கு டிரைவர் எழுதித் தருவதைத் தயாரிப்பாளர்கள் தம் வியாபாரக் கடமையாகவே கொண்டனர். லினக்ஸுக்கோ பல காலம் அந்தச் சலுகை கிடைக்கவில்லை. விசித்திரம் என்னவென்றால், கட்டற்ற மென்பொருள் இயக்கம் பிறந்த கதையிலேயே இத்தகைய சாதனத் தகராறு ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் எம்.ஐ.டி.யின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்துக்கு 1980ஆம் ஆண்டு வாக்கில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் லேசர் அச்சுப்பொறி ஒன்று வந்து சேர்ந்தது. முந்தைய அச்சுப்பொறியில் காகிதம் சிக்கினால் காத்திருப்போருக்கெல்லாம் செய்தி போகும்படி நிரலைத் திருத்தி வைத்திருந்த ஆய்வக நிரலாளர் ரிச்சர்டு ஸ்டால்மன், புதியதையும் அவ்வாறே திருத்த எண்ணி அதன் மூல நிரலைக் கேட்டபோது, ரகசிய ஒப்பந்தத்தைக் காரணம் காட்டி அது அவருக்கு மறுக்கப்பட்டது. பின்னர் 1983இல் அவர் அறிவித்த குனூ என்னும் கட்டற்ற இயங்குதளத் திட்டத்துக்கு அந்த மறுப்பும் ஒரு தூண்டுதல் என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார்.

வைஃபையின் சரித்திரம் இதைவிடச் சுவாரசியமானது. எண்ணற்ற மடிக்கணினிகளில் இடம்பெற்றிருந்த பிராட்காம் நிறுவனத்தின் வைஃபை சில்லுகளுக்கு லினக்ஸ் டிரைவர் இல்லாதிருந்த காலத்தில், சில தன்னார்வலர்கள், அந்நிறுவனத்தின் மூடிய டிரைவர் அச்சில்லோடு எவ்வாறு பேசுகிறது என்பதை ஆராய்ந்து, விவரம் திரட்டி, தாமே ஒன்றை எழுதினார்கள். அது 2006ஆம் ஆண்டு, கெர்னல் எனப்படும் லினக்ஸ் கருநிரலில் இடம்பெற்றது. ஆனால் சில்லுக்குள் ஏற்றவேண்டிய ஃபெர்ம்வேர் என்னும் சிறு நிரலைப் பகிர்ந்தளிக்கும் உரிமை அவர்களுக்கு இல்லாமையால், பயனர் ஒவ்வொருவரும் அதை விண்டோஸ் டிரைவருக்குள்ளிருந்து தாமே வெட்டி எடுத்துக்கொள்ள நேர்ந்தது. அதற்கென்றே ஒரு கருவியும் இருந்தது! பிராட்காமே மனம் மாறித் திறந்த மூல டிரைவர் ஒன்றை வெளியிட்டது 2010இல்தான். ஃபெர்ம்வேர் பிரச்சினை அதன் பிறகும் தீரவில்லை. சுதந்திரக் கொள்கையில் மிகவும் கண்டிப்பான டெபியன் சமூகம், திறக்கப்படாத ஃபெர்ம்வேரைத் தன் நிறுவல் வட்டில் சேர்க்கலாமா என்று நெடுங்காலம் வாதித்து, 2022இல் வாக்கெடுப்பு நடத்தி, 2023 ஜூனில் வந்த 12ஆம் பதிப்பிலிருந்தே அதைச் சேர்க்கத் தொடங்கியது. கொள்கைக்கு இது சிறு தோல்வி என்பாரும் உளர். வீட்டில் வைஃபை இல்லாமல் திகைத்து நிற்பவரிடம் கொள்கை பேசிப் பயனில்லை என்பது என் கட்சி.

இந்தத் தொல்லைக்கு இடம் தராத ஏற்பாடும் உண்டு. தமிழ்நாட்டு அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸோடு, இந்தியாவின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. அங்கே இயங்குதளமும் இயந்திரமும் முன்கூட்டியே சேர்த்து வைக்கப்பட்டே மாணவர் கைக்கு வந்தன. நம் வீட்டுப் பழைய கணினியிலோ அந்தச் சம்பந்தத்தை நாமேதான் பேசி முடிக்கவேண்டும். மலேசிய அரசும் 2004லேயே பொதுத்துறைக்கென ஒரு திறந்த மூலப் பெருந்திட்டத்தை வகுத்ததுண்டு. ஆனால் அது வீடுகளை அல்ல, அலுவலகங்களையே நோக்கியது.

ஆகவே காரியத்துக்கு வருவோம். நம் கிரியான் வட்டாரத்தில் வயலுக்குத் தண்ணீர் வரவில்லையென்றால், அனுபவசாலி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தன் வரப்பையே கொத்திக்கொண்டிராமல், புக்கிட் மேரா நீர்த்தேக்கத்திலிருந்து வரும் வாய்க்காலில் தண்ணீர் எந்த மதகுவரை வந்து நின்றது என்று பார்த்துக்கொண்டே நடப்பார். இங்கும் அதே ஒழுங்குதான். சாதனம் கணினியின் கண்ணில் படுகிறதா, பட்டால் அதற்குரிய டிரைவர் உண்டா, டிரைவர் இருந்தால் ஃபெர்ம்வேர் கிடைத்ததா, எல்லாம் இருந்தும் யாராவது அதை அணைத்து வைத்திருக்கிறார்களா என்று ஒவ்வொரு மதகாகப் பார்க்கவேண்டும். டெர்மினல் என்னும் கட்டளைச் சாளரத்தில் எல், எஸ், பி, சி, ஐ என்ற ஐந்து எழுத்துகளைச் சிறிய எழுத்தில் தட்டி, ஓர் இடம் விட்டு, ஒரு சிறு கோடும் என், என், கே என்ற மூன்று எழுத்துகளும் சேர்த்தால், உள்ளே உள்ள சாதனங்களின் பெயரும், தயாரிப்பாளர் எண்ணும், பொறுப்பேற்றிருக்கும் டிரைவரும் வரிசையாக வந்து நிற்கும். பெட்டியின்மேல் அச்சிட்ட பெயரை நம்பவேண்டாம்; ஒரே பெயரில் விற்ற கணினிகளுக்குள் வேறுவேறு சில்லுகள் இருப்பது சகஜம். எண் பொய் சொல்லாது. இன்டெல் நிறுவனம் 1978இல் வெளியிட்ட தன் புகழ்பெற்ற சில்லின் பெயரையே, 8086 என்று, தன் அடையாள எண்ணாகவும் வைத்துக்கொண்டிருப்பதை அப்பட்டியலில் காணலாம். அடுத்தபடியாக, சூடோ (எஸ், யு, டி, ஓ) என்ற சொல்லை முன்னே இட்டு டி, எம், இ, எஸ், ஜி என்று தட்டினால், கணினி எழுந்தது முதல் கருநிரல் எழுதிவைத்த நாட்குறிப்பு தெரியும். எந்த ஃபெர்ம்வேர் கோப்பு கிடைக்கவில்லை என்பதைக் கோப்பின் பெயரோடு அது குறித்து வைத்திருக்கும்.

வைஃபைக்கு வேண்டியதை இறக்க இணையம் வேண்டும்; இணையத்துக்கு வைஃபை வேண்டும் என்ற விஷச்சுழலைக் கண்டு மனம் தளரவேண்டியதில்லை. கைப்பேசியைக் கேபிளால் கணினியோடு இணைத்து, யூஎஸ்பி டெதரிங் என்பதைத் திறந்துவிட்டால், பெரும்பாலான கணினிகளில் வேறு எந்த டிரைவரும் கேட்காமல் இணையம் வந்துவிடும். டிரைவரை நிறுவிய பின்னும் சாதனம் அசையாவிட்டால், செக்யூர் பூட் என்னும் காவல் ஏற்பாட்டைச் சந்தேகிக்கலாம். கையொப்பமில்லாத டிரைவரை அது உள்ளே விடாது; உபுந்துவில் அத்தகைய டிரைவரை நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்கப்படும், மறுமுறை கணினி எழும்போது நீலத்திரை ஒன்று சில விநாடிகள் மட்டும் தோன்றி அதே கடவுச்சொல்லைக் கேட்டுப் பதிவு செய்துகொள்ளும். அந்த விநாடிகளில் நாம் அடுக்களைக்குத் தேநீர் எடுக்கப் போயிருந்தால், திரை மறைந்துவிடும், டிரைவரும் வாசலிலேயே நிற்கும்.

ஒலி இல்லையென்றால், பெரும்பாலும் ஒலி வெளியேறும் வழி எச்டிஎம்ஐ என்று தவறாகத் தேர்வாகியிருக்கும். அமைப்புகளில் மாற்றினால் போதும். அச்சுப்பொறியின் நிலைமை முன்போல் மோசமில்லை. கடந்த பத்தாண்டுகளில் வந்த, ஏர்பிரிண்ட் என்று குறியிட்ட வலையமைப்பு அச்சுப்பொறிகள், தனி டிரைவர் இல்லாமலே பெரும்பாலும் பணிந்துவிடுகின்றன. ஆனால் இத்தனை சிரமத்தையும் பெருமளவு தவிர்க்க ஒரு வழி உண்டு: நிறுவுவதற்கு முன்பே பென்டிரைவிலிருந்து இயங்குதளத்தை நேராக எழுப்பி, வன்தட்டைத் தொடாமல், வைஃபையையும் ஒலியையும் கேமராவையும் சோதித்துப் பாருங்கள். பொறுமையற்றவர்கள் இந்தப் படியைத்தான் முதலில் தாண்டிவிடுகிறார்கள்.

எல்லாம் இயங்கிய பிறகு, தமிழ் எழுத ஏற்பாடு செய்யுங்கள். ஐபஸ்-எம்17என் என்ற தொகுப்பை நிறுவி, ஒருமுறை வெளியேறி மீண்டும் நுழைந்தால், விசைப்பலகைப் பட்டியலில் தமிழ்99 என்னும் விசை அமைப்பு கிடைக்கும். அதில் உயிரெழுத்துகள் இடக்கைக்கும் மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கும் வரும். நம் நாட்டு முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் மென்பொருளில் பழகிய விரல்கள், அதே பட்டியலில் உள்ள ஃபோனட்டிக் முறையைத் தேர்ந்துகொண்டால் அதிகம் திணறமாட்டா.